காயாத சிமெண்டு

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பூச்சோங்கில் எங்கள் வீட்டின் முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் இயற்கைக் கல் பதிக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை வந்தது. லோரியில் கல் வந்து இறங்கியது. கொந்த்ராக்டர் வீட்டுப்படியை ஒட்டிப் பாதி இடத்தில் பதித்தார். பிறகு வேறு பெரிய வேலை கிடைத்துப் போனவர் போனை எடுக்கவே இல்லை. கேட்டருகே கல்லும் மணலும் குவிந்து கிடக்க, எங்கள் கார் தெருவில் நின்றது.

அப்போது அத்தை எங்கள் வீட்டில் இருந்தார். அப்பாவின் தங்கை. பந்திங்கிலிருந்து ஒரே ஒரு பையோடு பஸ் ஏறி வந்தவர், இரண்டு மாதமாகியும் திரும்பிப் போகவில்லை. லீவுக்கு வந்திருக்கிறார் என்றார் அம்மா. அத்தைக்கு யார் லீவு கொடுத்தது என்று கேட்டேன். போய் வீட்டுப்பாடம் செய் என்றார். எந்த நேரமும் முழுக்கைச் சட்டையோடு பின்னறையிலேயே இருப்பார்.

"எத்தனை நாளைக்குமா இப்படி? குடும்பம்னா முன்ன பின்ன இருக்கும். ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளைய வரச் சொல்லியிருக்கேன்" என்றார் அப்பா ஒருநாள் அத்தையிடம். அத்தை பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவர் வெளியே வந்து மணலைச் சலிக்க ஆரம்பித்தார். கொந்த்ராக்டரின் ஆட்கள் வேலை செய்ததை ஹாலுக்கு வந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாராம். அம்மா தடுத்தும் கேட்கவில்லை. கல் ஒவ்வொன்றும் ஒரு வடிவம். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பொருந்தாவிட்டால் ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பார். சரியான இடம் கிடைத்ததும் சிமெண்டுக் கலவையில் அமர்த்தி ரப்பர் சுத்தியலால் தட்டுவார். இடுக்குகளுக்குச் சின்னக் கல் பொறுக்கித் தருவது என் வேலை.

இரண்டாம் நாள் வெயில் தாங்காமல் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டார். கையெல்லாம் நீளநீளமாகக் கறுத்த தழும்புகள்.

"கல்லு பட்டுச்சா அத்தை?"

"ஆமா பாப்பா."

அந்த நேரம் பார்த்து அப்பா வேலை முடிந்து வந்தார். கேட்டில் கை வைத்தபடியே நின்றுவிட்டார். அத்தை அவசரமாகச் சட்டைக்கையை இறக்கினார். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை.

வியாழக்கிழமையோடு வேலை முடிந்தது. ஞாயிறு காலை அந்தக் கல்லின் மேல் ஏழெட்டு சுற்று சைக்கிள் ஓட்டினேன். பத்து மணிக்கு அத்தையின் கணவரான மாமா வந்தார், கையில் எனக்கான கறிபாப் பலகாரப் பொட்டலத்தோடு. எப்போதும் வாங்கி வருவார்; அதனால் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன்.

அத்தை வாசற்படிக்கு வந்தார்.

"உள்ள வராதீங்க. சிமெண்டு காயலை."

"காஞ்சிடுச்சுலா அத்தை! நான் சைக்கிள் ஓட்டினேனே!" என்றேன் நான். பள்ளிக்கூடத்தில் உண்மையே பேச வேண்டும் என்று சொல்லித் தந்திருந்தார்கள்.

மாமா சிரித்துக்கொண்டே காலைத் தூக்கினார். அதற்குள் அப்பா வெளியே வந்துவிட்டார்.

"காயலை மாப்பிள்ளை."

"நீங்கதானே மச்சான் வரச் சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப காயலை. மிதிக்காதீங்க."

மாமா வெள்ளையாகக் காய்ந்து கிடந்த கல்லைப் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். தூக்கிய கால் கேட்டுக்கு வெளியிலேயே இறங்கியது. கறிபாப்பையும் எடுத்துக்கொண்டே போய்விட்டார். நான் அழுதேன். அப்பா என்னைத் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அத்தை மெல்ல வாசற்படியில் உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறும் மாமா வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். "இன்னும் காயலை" என்று அப்பா கேட்டிலேயே நின்று சொல்லி அனுப்பினார். எங்கள் காரைக்கூட உள்ளே விடவில்லை. அது தெருவிலேயே மழையில் நனைந்தது. இவ்வளவு படித்த அப்பாவுக்கு சிமெண்டைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

நான்காம் ஞாயிறு மாமா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அன்று மாலை அப்பா காரை மெதுவாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்.

"காஞ்சிடுச்சாப்பா?" என்று கேட்டேன்.

"காஞ்சிடுச்சுமா" என்றார்.

கடைசியில் அப்பாவும் புரிந்துகொண்டாரே என்று நிம்மதியோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு விளையாடப் போனேன்.