பதினேழாம் எண் வீட்டு வெளிச்சம்

பெரில் ஸ்டானிஃபோர்த் முப்பத்தொன்பது வருஷம் ஸ்பூன்களைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கினவள். ஷெஃபீல்டில் ஸ்பூன், முள்கரண்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், மெருகு போட்டு வருவதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்ப்பது அவள் வேலை. கீறல் இருந்தால் இடது கூடை, இல்லாவிட்டால் வலது கூடை. "நீ சொர்க்கத்துக்குப் போனாலும் முதல்ல கதவோட கீலைத்தான்டி பார்ப்பே" என்று கூட வேலை செய்த பெண்கள் கேலி செய்வார்கள். அவள் சிரிக்க மாட்டாள். கீல் சரியில்லாத கதவு சொர்க்கத்துக்கு மட்டும் எதற்கு என்பது அவள் கட்சி.

போன வருஷம் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். சந்தேகத்துக்கு ஸ்பூன் கிடைக்காமல் போகவே மனிதர்கள் பக்கம் திரும்பினாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், வீட்டில் சந்தேகப்பட ஆள் இல்லை. மாநகராட்சி கொடுத்த ஆறாவது மாடி வீட்டில் இருந்துகொண்டு பால்காரனையும் லிஃப்ட் ரிப்பேர்காரனையும் கவனித்து வந்தவளுக்கு, அந்த 1983ஆம் வருஷ வசந்தத்தில் பெரிய தீனி ஒன்று கிடைத்தது. அவள் பிறந்து வளர்ந்த அன்வில் தெருவின் சரித்திரத்தை யாரோ எழுதப் போகிறார்களாம்.

தெருவே இல்லை. பதினாறு வருஷத்துக்கு முன்பே இடித்துத் தள்ளி லாரி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். இல்லாத தெருவுக்குச் சரித்திரம் எழுதக் கிளம்பியவர் கார்ட்ரைட் என்கிற ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். நூலகத்தின் பின்னறையில் நான்கு மேஜையைச் சேர்த்துப் போட்டு, சுவருக்கு ஒட்டும் காகிதச் சுருளைப் பின்பக்கமாக விரித்து, அதில் தெருவை வீடு வீடாகக் கட்டம் போட்டு வைத்திருந்தார். பழைய ஆட்கள் புதன்கிழமை மதியம் வந்து, தங்களுக்கு ஞாபகம் இருப்பதை அந்தந்தக் கட்டத்தில் பென்சிலால் எழுத வேண்டும். அதையே இன்னொருவரும் 'ஆமாம், உண்மைதான்' என்று சொன்னால் கார்ட்ரைட் அதன் மேல் மை பேனாவை ஓட்டி நிரந்தரமாக்குவார். டீயும் பிஸ்கட்டும் உண்டு.

"எதுக்கு இதெல்லாம் பண்றீங்க?" என்று முதல் புதன்கிழமையே பெரில் கேட்டாள்.

"மறந்து போயிடக் கூடாதில்லையா, மிஸ் ஸ்டானிஃபோர்த்."

"நீங்க அந்தத் தெருவில இருந்தீங்களா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு மறக்கறதுக்கு என்ன இருக்கு?"

கார்ட்ரைட் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். நல்ல சாக்லேட் பிஸ்கட். சும்மா கிடைக்கிற டீக்கு இவ்வளவு நல்ல பிஸ்கட் வைக்கிறவரை அவளால் நம்ப முடியவில்லை.

ஆனாலும் ஒரு புதன்கிழமைகூடத் தவறாமல் வந்தாள். மற்றவர்கள் எழுத வந்தார்கள். அவள் காவல் காக்க வந்தாள். கைப்பையில் ஒரு ரப்பர் வைத்திருந்தாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற வெள்ளை ரப்பர். பதினேழாம் எண் கட்டத்தில் யாராவது அந்த விஷயத்தை எழுதினால் அழித்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் திட்டம்.

அந்த விஷயம் இதுதான். 1941 மார்ச்சில், குண்டு விழும் காலத்தில், இரவில் ஊரே ஒரு பொட்டு வெளிச்சமில்லாமல் கிடக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு ராத்திரி பின்முற்றத்தில் காவல் வார்டன் கத்தினார். எந்த வீட்டு வெளிச்சம் என்று கேட்டு அவர் கதவைத் தட்ட, பெரிலின் அப்பா வில்ஃப்ரட் கால்சட்டைத் தோள்வார் தொங்க வெளியே வந்து, "என் வீட்டுதுதான். மாடியில புறாத் தீனி தேடப் போனேன்" என்றார். கோர்ட்டில் அபராதம் போட்டார்கள். ஒன்பது நாள் கழித்துத் தெருக்கோடியில் ஒரு குண்டு விழுந்து நான்கு பேர் செத்துப் போனார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஒன்பது நாளைக்கு முந்தின வெளிச்சத்தை எந்த விமானக்காரன் ஞாபகம் வைத்துக்கொண்டு வருவான்? ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக் கதவில் பெரிய எழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'நாலு பேரைக் கொன்ன வீடு.'

அதற்கப்புறம் மதுக்கடையில் அப்பா போய் உட்கார்ந்தால் மற்றவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அவரும் போவதை நிறுத்திவிட்டார். ஆசையாக வளர்த்த புறாக்களை விற்றார். உருக்காலைக்குப் போவதும் வருவதுமாகப் பதினோரு வருஷம் இருந்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துப் போனார்.

எழுதியது யார் என்பது பெரிலுக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும். தெரியும் என்றால் நிரூபணம் இல்லை, கணக்கு இருந்தது. அந்தத் தெருப் பெண்கள் தினம் வாசற்படியைத் தேய்ப்பதற்கு ஒரு மென்மையான கல் வைத்திருப்பார்கள். பழைய துணி வாங்குகிற வண்டிக்காரன் துணிக்குப் பதிலாகத் தருவது. வெள்ளைக் கல்லும் உண்டு, மஞ்சள் கல்லும் உண்டு. வெள்ளைக் கல் வீட்டுக்காரி செத்தாலும் மஞ்சளைத் தொட மாட்டாள். கதவிலிருந்த எழுத்து மஞ்சள். தெருவில் மூன்றே வீடுதான் மஞ்சள், அதில் இரண்டு வீடு குண்டில் போய்விட்டது. மிச்சம், அடுத்த வீடான பத்தொன்பதாம் எண், ஹவுஸ்லி குடும்பம். அந்த வீட்டுப் பெண் மேவிஸ் பெரிலின் உயிர்த்தோழி. அன்றோடு பேச்சு நின்றது. ஏன் என்று மேவிஸ் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், கேட்காது என்று பெரில் எண்ணிக்கொண்டாள்.

இத்தனையும் அப்பாவின் பெயருக்காக என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது பாதி. மீதிப் பாதியை அவள் எந்தப் பாதிரியாரிடமும் சொன்னதில்லை. அந்த மாடியறையில் படுத்தவள் அவள். அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு மெழுகுவத்தித் துண்டை நாற்காலியில் வைத்துக்கொண்டு படுக்கையில் கதைப் புத்தகம் படிக்கிறவள். அன்றும் படித்தாள், படித்தபடியே தூங்கிப் போனாள். வார்டனின் சத்தத்தில் விழித்தபோது அறை இருட்டு. மெழுகுவத்தியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தத் திரி சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா என்று இன்றுவரை அவளுக்குச் சொல்லத் தெரியாது. மாடிப்படியில் இறங்கி வந்து நின்றபோது, கீழே அப்பா புறாத் தீனிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மாடிக்கே வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்புறம் மேலே வந்தார். நாற்காலியிலிருந்த மெழுகுவத்தித் துண்டைப் பார்த்தார், எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "தூங்கு" என்றார். அப்பா தனக்காகத்தான் பொய் சொன்னார் என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தீர்மானமாகிவிட்டது. ஒன்பது நாள் கழித்துக் குண்டு விழுந்தபோது, நான்கு பேரைக் கொன்றது யார் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மே மாதத்து இரண்டாவது புதன்கிழமை, பதினேழாம் கட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு இருந்தது. பென்சில் கோடு. பதினேழில் ஆரம்பித்துப் பத்தொன்பதில் முடிகிற அம்புக்குறி. முந்தின வாரம் இல்லை, அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள். பிறகு, டீ ஊற்றுகிற பக்கம் எல்லோரும் திரும்பியிருந்த நேரத்தில் ரப்பரை எடுத்து அழித்தாள்.

அடுத்த புதன்கிழமை அம்பு மறுபடி இருந்தது. இந்தத் தடவை அழுத்திப் போட்டிருந்தார்கள்.

"புதன்கிழமை தவிர இங்க யாரு வர்றாங்க?" என்று கார்ட்ரைட்டைக் கேட்டாள்.

"யாரு வேணாலும் வரலாம். நூலகம்தானே. ஏன், ஏதாவது தப்பா இருக்கா?"

"நான் தப்புன்னு சொன்னேனா?"

அழித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். யாரோ ஆரம்பித்துவிட்டார்கள். இன்று அம்பு, நாளை எழுத்து. வியாழனிலிருந்து தினமும் நூலகத்துக்கு வந்து, பின்னறை வாசல் தெரிகிற நாற்காலியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வாரம் அவள் படித்த செய்தி ஒன்றுகூட மனதில் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, சந்தைப் பையோடு ஒரு பருத்த பெண் பின்னறைக்குள் போனாள். நடையிலேயே தெரிந்துவிட்டது. முடி நரைத்திருந்தாலும் இடது காலைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்கிற அந்த நடை மாறவில்லை. பெரில் பின்னாலேயே போய்க் கதவருகே நின்றாள். அந்தப் பெண் குனிந்து பென்சிலை நாக்கில் தொட்டு அம்பு போட்டாள்.

"எனக்குத் தெரியும்டி நீதான்னு," என்றாள் பெரில். "அன்னிக்கும் தெரியும், இன்னிக்கும் தெரியும்."

மேவிஸ் பென்சிலைக் கீழே போட்டுவிட்டாள். "யம்மா! உயிரே போச்சு. நீதான் அழிக்கறியா? நான் இங்க கூட்டிப் பெருக்கறவன்தான் அழிக்கறான்னு நினைச்சு, போன வாரம் அவனைத் திட்டிட்டுப் போனேன்."

"கதவில எழுதினதும் நீதானே? மஞ்சள் கல்லு."

மேவிஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மறுக்கவில்லை. "நான்தான்," என்றாள்.

நாற்பத்திரண்டு வருஷமாக இந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கன்னத்தில் அறைய வேண்டும் போலத்தான் இருந்தது.

"எங்கம்மா எழுதச் சொன்னா," என்றாள் மேவிஸ். "ஊரு உங்க வீட்டையே பார்த்துட்டு இருந்தா எங்க வீட்டைப் பார்க்காதுன்னு. உட்காரு பெரில். கிளிஃப் ஞாபகம் இருக்கா?"

"உங்கண்ணன். பட்டாளத்துக்குப் போனவன்."

"போனவன் திரும்பி ஓடி வந்துட்டான். லீவு முடிஞ்சும் போகல. மூணு வாரமா எங்க மாடியிலதான் ஒளிஞ்சிருந்தான். பிடிச்சா ஜெயில். அன்னிக்கு அவனுக்கு நல்ல காய்ச்சல். அம்மா விளக்கேத்தி உடம்பு துடைச்சுவிட்டா. ஜன்னல்ல மாட்டின கறுப்புத் துணி ஒரு பக்கம் கழண்டு போச்சு. வெளிச்சம் எங்களுதுடி. உங்களுது இல்ல."

பெரில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வார்டன் ரெண்டு மாடியையும் ஏறிப் பார்ப்பேன்னு நின்னான். நாங்க செத்தோம்னு நினைச்சோம். உங்கப்பா வெளியில வந்து பழியை ஏத்துக்கிட்டாரு."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"ஒத்தைச் செங்கல் சுவரு. மூணு வாரமா கிளிஃப் இருமறதை அவர் கேட்டிருக்கணும். அன்னிக்கு எல்லாம் அடங்கின பிறகு சுவத்தில ரெண்டு தட்டு தட்டினாராம். கிளிஃப் சாகற வரைக்கும் அதைச் சொல்லிட்டே இருந்தான். மார்ச்சில போயிட்டான், கனடாவில. அவன் இருக்கற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன். இப்ப எழுதலாம்னு வந்தேன். கை வரல. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம அம்பு மட்டும் போட்டுட்டுப் போனேன்."

கதையில் எங்கே கீறல் என்று பெரில் தேடினாள். பழக்கம் அப்படி. "எந்தப் பக்க ஜன்னல்?" என்றாள்.

"முற்றத்துப் பக்கம். உங்க ஜன்னலுக்கு ரெண்டு அடி தள்ளி."

"விளக்கை எப்ப அணைச்சீங்க?"

"வார்டன் கத்தின அந்த நிமிஷமே அம்மா ஊதிட்டா."

"அவன் என்ன சொல்லிக் கத்தினான்?"

மேவிஸ் யோசித்தாள். பெரில் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மாடிப்படியில் வெறுங்காலோடு இறங்கும்போது கேட்ட குரல் அது. ஒரே ஒரு வெளிச்சம் பார்த்தேன், இந்த ரெண்டு வீட்டில எதுன்னு மட்டும் சொல்லுங்க. ஒரே ஒரு வெளிச்சம். இத்தனை வருஷமாக அவள் காதிலேயேதான் கிடந்திருக்கிறது.

இதற்குள் சத்தம் கேட்டு, மறுநாளுக்கு ஏற்பாடு செய்ய வந்திருந்த கார்ட்ரைட் எட்டிப் பார்த்தார். மேவிஸ் அவரிடம் எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொன்னாள். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார். பிறகு, வாத்தியார் அல்லவா, விதியை விடவில்லை.

"இதை மையில எழுதணும்னா இன்னொரு சாட்சி வேணும். மிஸ் ஸ்டானிஃபோர்த், அன்னிக்கு உங்க மாடியறையில வெளிச்சம் இல்லன்னு நீங்க சொல்ல முடியுமா?"

பெரில் கட்டத்தைப் பார்த்தாள். அப்பா மேல் கோபம் வந்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்காக வாயை மூடிக்கொண்ட மனிதர், தன் வீட்டுப் பெண் மாடியில் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று ஒரு நாள் கேட்டிருக்கலாம். அவளும்தான் ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

"இல்ல," என்றாள். இன்னொரு தடவை சொன்னாள். "வெளிச்சம் இல்ல. எழுதுங்க. கதவில யார் எழுதினதுங்கறதையும் எழுதுங்க."

"எழுதுங்க சார்," என்றாள் மேவிஸ். "பேரைப் போட்டே எழுதுங்க."

கார்ட்ரைட் மை பேனாவைத் திறந்து உட்கார்ந்தார். அவர் எழுதி முடிக்கிற வரை இரண்டு பேரும் எதிரெதிரே, அவர் ஊற்றித் தந்த டீக் கோப்பையோடு இருந்தார்கள். மேவிஸ் அழுதுகொண்டிருந்தாள். பெரில் தன் வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும், திரியை நசுக்குவது போல ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் ஊதி அணைச்சிட்டுத்தான் தூங்கியிருக்கேன்," என்றாள்.

மேவிஸுக்குப் புரியவில்லை. "எதைடி?"

"ஒண்ணுமில்ல. டீ ஆறிப் போகுது, குடி."