மரியாதை தெரிந்த சுவர்

எங்கள் மகள் கட்டடக்கலை படித்துவிட்டு வந்து முதலில் கை வைத்தது எங்கள் வீட்டில்தான். தேனி கடைவீதியில் கீழே எங்கள் ஜவுளிக்கடை, மேலே வீடு. தெருவைப் பார்த்த மாடி வராந்தாவில் உட்கார்ந்து நானும் என் வீட்டுக்காரரும் பேசினால் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. சில விஷயங்களில் அது நல்லதாகத்தான் இருந்தது. ஆனால் பஸ் ஹாரன், மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள், ஆடிச் சனிக்கிழமை என்றால் குச்சனூர் கோயிலுக்குப் போகிற வேன்கள் என்று நாள் முழுக்கத் தலைவலி. அடைத்து வைத்தால் புழுக்கம், திறந்து வைத்தால் காது போச்சு.

இதற்கு ஒரு வழி செய்கிறேன் என்று சொல்லி, மகள் வராந்தாவின் முகப்பு முழுக்க அலுமினியப் பட்டைகளால் ஒரு சுவர் எழுப்பினாள். அதற்குள் சின்னச் சின்ன மைக்குகளும் மோட்டார்களும் இருந்தன. தெருவில் சத்தம் ஏறினால் பட்டைகள் தாமாகத் திரும்பி மூடிக்கொள்ளும். சத்தம் இறங்கினால் திறந்து காற்றை உள்ளே விடும். பகலில் பெரும்பாலும் பாதிதான் திறந்திருக்கும். இந்தக் கடைவீதிக்கு அதுவே பெரிய விஷயம்.

எங்கள் ஊரில் சாவு ஊர்வலம் தெரு வழியாகப் போனால் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். தெரிந்தவரோ தெரியாதவரோ, போகிறவருக்கு அது மரியாதை. சுவர் வந்த புதிதில் ஒரு நாள் கொட்டும் வேட்டுமாக ஓர் ஊர்வலம் வந்தது. கீழே எங்கள் ஷட்டர் இறங்க, மேலே பட்டைகளும் வரிசையாக மூடின. அந்தச் சத்தத்துக்கு மூடாமல் என்ன செய்யும்? ஆனால் கூட வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த ஊர்வலத்திலும் அதே கதை. வீடே மரியாதை செய்கிறது என்ற பேச்சு கடைவீதி முழுக்கப் பரவிவிட்டது. தேவதானப்பட்டியிலிருந்து துணி எடுக்க வந்தவர்கள்கூட அதைச் சொல்லிப் பாராட்டினார்கள். என் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தார். உள்ளதைச் சொல்லித் தொலையுங்கள் என்றேன். வந்த பேரை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடமே கேட்டார்.

எங்களுக்கு எதிரே பாத்திரக்கடை. சர்ச்சுக்குப் போகிற குடும்பம், எங்கள் பக்கத்தில் வேதக்காரர்கள் என்பார்கள். கடைக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், அதனால் அவர் மனைவி எனக்கு மதினி, அவருக்கு நானும் மதினி. யாபாரம் இல்லாத மத்தியானங்களில் நாங்கள் இரண்டு பேரும் பேசாத பேச்சு இல்லை. அந்த மதினி நோயில் விழுந்தார். மாடியில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டிருந்தார்கள். சத்தம் அவருக்கு ஆகவில்லை, கண்ணாடியை எப்போதும் சாத்தியே வைத்திருந்தார்கள். எட்டிப் பார்க்கவும் தெம்பில்லை. படுத்தபடி அவருக்குத் தெரிந்தது எங்கள் சுவர் மட்டும்தான். அதைப் பார்த்தே தெருவைத் தெரிந்துகொண்டார். திடீரென்று அவரிடமிருந்து போன் வரும்.

"என்ன மதினி, இன்னைக்கி ஒங்க சுவரு ரொம்பக் கோவமா இருக்கு? எங்கன மறியல்?"

எனக்குச் சிரிப்பு வரும், போனை வைத்ததும் கண்ணில் தண்ணீர் வரும்.

மதினி போய்விட்டார். தனக்குப் பேண்டு வேண்டாம், தெருவில் பாட்டும் வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தாராம். அண்ணன் அப்படியே செய்தார். பெட்டியை வண்டியில் ஏற்றி, பின்னால் நாங்கள் நடந்தோம். டீக்கடையில் பாட்டை அணைத்திருந்தார்கள். இரும்புக்கடையில் கம்பி வெட்டும் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்காரர் ஹாரனில் கை வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஷட்டரைப் பாதியல்ல, முழுக்கவே இறக்கிவிட்டு வாசலில் நின்றார்.

வண்டி எங்கள் வீட்டுக்கு நேரே வந்தபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சத்தம் இல்லாமல் அது மூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், இன்றைக்கு ஒரு நாள் மூடிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அது ஒவ்வொரு பட்டையாகத் திரும்பி, முழுசாகத் திறந்துகொண்டது. உள்ளே கொடியில் காய்ந்த என் சேலை வரைக்கும் தெரிந்தது.

அடக்கம் முடிந்து அண்ணன் வீட்டுக்கு வந்ததும் அவருடைய அக்கா ஆரம்பித்தார். போடியில் வாழ்க்கைப்பட்டவர், மனசில் பட்டதை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

"கண்டவுக சாவுக்கெல்லாம் மூடுன வீடு, எந்தம்பி பொண்டாட்டி போறப்ப மட்டும் வாயப் பொளந்துக்கிட்டு நின்னுச்சே" என்றார்.

துக்க வீட்டில் மைக், மோட்டார் என்று யாரிடம் விளக்குவது? தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். வேதக்காரர்கள் என்றால் இளப்பம்தானே என்று கடைவீதியில் யாரோ பேசியதும் காதுக்கு வந்தது. அண்ணன் கடையைத் திறக்கவில்லை. மாடி ஜன்னலில் அவர் தலை தெரிந்தாலும் எங்கள் பக்கம் கை அசைக்கவில்லை. இத்தனை வருசப் பழக்கம் இந்தத் தகரத்தால் போயிற்றே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் சுவரைக் கழற்ற வெல்டிங்காரரை வரச் சொல்லிவிட்டார். அது சொன்னபடிதானே வேலை செய்தது என்று மகள் போனில் அழுதாள். மீசையைத் தடவிய நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் இந்த வினை வந்திருக்குமா என்று நான் கத்தினேன்.

வெல்டிங்காரர் ஏணியைச் சாத்தியபோதுதான் அண்ணன் தெருவைத் தாண்டி வந்தார். வேட்டி கசங்கியிருந்தது, முகம் மழித்திருக்கவில்லை. எதற்குக் கழற்றுகிறீர்கள் என்று கேட்டார். உங்கள் மனசு புண்பட்டுவிட்டதே என்று என் வீட்டுக்காரர் இழுத்தார். அண்ணன் எங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா பேசுனது எனக்குத் தெரியாது, இப்பத்தான் சொன்னாக" என்றார். "அவ படுத்ததுல இருந்து இந்தச் சுவரத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தா. பகல்ல இது முழுசாத் தொறந்து ஒருவாட்டி பாத்துறணும்னு சொல்லிக்கிட்டே இருப்பா. இந்த பஜார்ல அது நடக்குமான்னு நான் சிரிப்பேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கி குனிஞ்ச தல நிமிராமத்தான் வந்தேன், தங்கச்சி. இங்கன வந்து நிமிந்தா, முழுசாத் தொறந்து கெடக்கு. அப்பத்தான் வெளங்குச்சு, அவளுக்காக இந்தத் தெருவே மூச்சுக் காட்டாம நின்னுச்சுன்னு. கொட்டடிச்சா யாருக்கும் மூடும். இப்பிடி யாருக்குத் தொறந்துச்சு?"

வெல்டிங்காரர் யாரும் சொல்லாமலே சாத்திய ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அப்போது மலைக்குப் போகிற ஜீப் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போக, மேலே பட்டைகள் மூடின. அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்கி ரொம்பக் கோவமா இருக்கு" என்றார்.

நான் கடைக்குள்ளே போய், துணிக்கட்டில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.