கலர்க்காரர் போட்ட பூஜ்யம்

எங்கள் தெருவில் என் அண்ணனைக் கலர்க்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் துணிக்குச் சாயம் போடுகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னாலே ஒரு வாரம் யோசிக்கிற ஆள். அவன் நிறம் போட்டது நகரத்துக்கு.

பொது சுகாதார அலுவலகத்தின் மாடியில் தொற்றுக் கண்காணிப்புப் பிரிவு என்று ஒரு அறை உண்டு. பேர்தான் பெரிசு. உள்ளே ஒரு கணினி, ஒரு தொலைபேசி, முனகிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி, அப்புறம் என் அண்ணன். நகரத்தின் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சுகாதார நிலையம் இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் அண்ணன் ஒவ்வொன்றுக்கும் போன் போட்டு, "இன்னைக்கு எத்தனை பேருக்கு?" என்று கேட்பான். சொல்கிற எண்ணை அந்தப் பகுதியின் கட்டத்தில் தட்டுவான். எல்லாக் கட்டமும் நிரம்பியதும் கணினி நகரத்தின் வரைபடத்தைக் காட்டும். தொற்று இல்லாத பகுதி பச்சை, கொஞ்சம் இருந்தால் மஞ்சள், கூடினால் ஆரஞ்சு, கைமீறினால் சிவப்பு. அந்தப் படம் உடனே பேருந்து நிலையத்துப் பெரிய திரைக்கும் ஊரார் கைப்பேசிகளுக்கும் போய்விடும். பச்சையில் கடை திறக்கலாம், கூட்டம் கூடலாம். சிவப்பில் ஜன்னலைத் திறப்பதற்கே பயப்படுவார்கள்.

தொற்று வருவதற்கு முன் அண்ணனை ஒரு ஈ எறும்புகூடச் சீண்டியதில்லை. வந்த பிறகு அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். சலூனில் பாதி முகச்சவரத்தில் இருந்தவரை எழுப்பிவிட்டு இவனை உட்கார வைத்தார்கள். தியேட்டர் முதலாளி காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை நலம் விசாரித்தார். தலைமையாசிரியர் ஒருவர் ரகசியமாக வந்து, "பரீட்சை வரைக்குமாவது எங்க ஏரியாவை சிவப்பாவே வச்சிருங்க சார், பசங்க ஒண்ணுமே படிக்கல" என்று கெஞ்சினார். நான் மட்டும் யோக்கியமா? கூட்டங்களுக்கு நாற்காலியும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுவது என் தொழில். பச்சை வந்தால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். "அண்ணே, நாளைக்கு என்ன கலர்?" என்று நானும்தான் அவனை நச்சரித்தேன்.

"நான் எங்கடா போடறேன்? நம்பர் வருது, கம்ப்யூட்டர் போடுது" என்பான். சொல்லும்போது முகத்தில் ஒரு களை வந்துவிடும். கணினியே அவன் கேட்டுத்தான் நிறம் போடுகிறது என்பது போல.

உண்மையிலேயே அந்த நிறத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவள் எங்கள் அக்கா ஒருத்திதான். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவள். யாருக்கும் அடங்காதவள். புறப்பட்ட வண்டியில் ஓடிவந்து தொற்றிய போலீஸ்காரரை விசில் அடித்து இறக்கிவிட்டவள். ஆனால் காலமெல்லாம் டீசல் புகையைக் குடித்ததில் அவள் நுரையீரல் பாதிதான் மிச்சம். "இது உங்களுக்கு வந்தா தாங்க மாட்டீங்கம்மா" என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்கா வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். தினமும் படம் வந்ததும் அண்ணனுக்குப் போன் போடுவாள்.

"டேய், கடைத்தெருப் பக்கம் போகலாமாடா?"

"ஆரஞ்சுக்கா. வேணாம்."

"பூங்காவுக்கு?"

"மஞ்சள். அதுவும் வேணாம்."

"சரி." வைத்துவிடுவாள். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் 'சரி' என்றதை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

இந்த நிலையில்தான் தண்ணீர்த்தொட்டிப் பகுதி பச்சையானது. சும்மா வந்து போகிற பச்சை இல்லை. சுற்றிலும் ஆரஞ்சும் சிவப்புமாகத் தகிக்க, நடுவில் அது மட்டும் நாள் தவறாமல் பச்சை. ஊரே வாயைப் பிளந்தது. அங்கே காற்று நல்ல காற்று என்றார்கள். தொட்டித் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று குடத்தோடு போனார்கள். டியூஷன் வாத்தியார்கள் அங்கே இடம் மாறினார்கள். காய்ச்சல் வந்த இரண்டொருவர், பச்சையில் இருந்தால் சரியாகிவிடும் என்று அங்கிருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தப் பகுதிக் கவுன்சிலர், எல்லாம் தன் இடைவிடாத உழைப்பு என்று போஸ்டர் ஒட்டினார். சுகாதார அதிகாரி அங்குள்ள சுகாதார நிலையத்துக்குச் சிறந்த நிலையம் என்று ஷீல்டு கொடுக்கவே போய்விட்டார். போனால் நிலையம் பூட்டிக் கிடந்தது. அண்ணனும் கூடப் போயிருந்தான்.

"என்ன சார், ஆளே காணோம்?" என்றான்.

"நோயாளி இருந்தாத்தானே திறந்து வைக்கணும்?" என்றார் அதிகாரி. "இதுதான்யா சாதனை."

ஷீல்டை வாட்ச்மேன் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் செய்தித்தாளில் வாட்ச்மேன் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அண்ணனுடைய கணினியில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது. ஒன்று காலியாக இருந்தாலும் படம் வராது. படம் வராவிட்டால் மேலிடத்திலிருந்து போன் வரும். எந்த நிலையமாவது போனை எடுக்காவிட்டால் என்ன செய்வது என்று ஆரம்பத்திலேயே அதிகாரியிடம் கேட்டிருக்கிறான். "பூஜ்யம் போடுய்யா. நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்" என்றாராம். தண்ணீர்த்தொட்டி நிலையத்தில் போன் எடுப்பது நின்றே போயிருந்தது. இவனும் மணி அடிக்கவிட்டுப் பார்த்துவிட்டுப் பூஜ்யம் தட்டுவான். தட்டித் தட்டி விரலுக்குப் பழகிவிட்டது. படம் வந்ததும் அவனும் எல்லோரையும் போல அண்ணாந்து பார்த்து, "அட, இன்னைக்கும் பச்சை!" என்று சந்தோஷப்பட்டான். தான் சுட்ட அப்பளத்தைத் தானே கண்டு வியந்தவன் என் அண்ணன்தான்.

ஓய்வு பெற்ற பேருந்துத் தொழிலாளர்கள் வருடத்துக்கு ஒரு தடவை ஒன்று கூடுவார்கள். பழைய டிரைவர்களும் நடத்துநர்களும் வந்து, பழைய சண்டைகளை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அக்காவுக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய விசேஷம் கிடையாது. கூட்டத்தை விசில் அடித்து ஆரம்பித்து வைக்கிறவளே அவள்தான். அந்த வருடம் தண்ணீர்த்தொட்டிப் பகுதி மண்டபத்தில் நடத்துவதென்று முடிவாயிற்று. பச்சை ஆயிற்றே! நாற்காலிக்கு என்னைத்தான் சொன்னார்கள்.

அக்கா போன் போட்டாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"டேய், நான் போகலாமாடா? மறைக்காம சொல்லு. நீ வேணாம்னா போகல."

அண்ணன் படத்தைப் பார்த்தான். "தாராளமாப் போக்கா. ஊர்லயே பத்திரமான இடம் அதுதான்."

அந்தப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து ஊதிப் பார்க்கிறாள்.

கூட்டத்தன்று காலையிலேயே நான் நாற்காலிகளை இறக்கிவிட்டேன். மண்டபத்துக் காவலாளி என்னோடு சேர்ந்து அடுக்கினார். அடுக்குகிற நேரத்தைவிட இருமுகிற நேரம்தான் அதிகம். "தூசிங்க" என்றார். கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். பச்சை. தூசிதான் என்று நானும் நம்பினேன். என் காதைவிட என் அண்ணனின் படத்தை நம்பினேன், அதுதான் நான் வாங்கி வந்த புத்தி.

மதியத்துக்கு மேல் அண்ணன் வழக்கம்போல் தண்ணீர்த்தொட்டி நிலையத்துக்குப் போன் போட்டிருக்கிறான். ஒரு கையில் தொலைபேசி, இன்னொரு கைவிரல் பூஜ்யத்தின் மேல். அன்றைக்கென்று யாரோ எடுத்துவிட்டார்கள். வாட்ச்மேன்.

"சார், இந்தப் போன் தினமும் அடிச்சு உசிரை வாங்குது. இன்னைக்குத்தான் ஜன்னல் வழியா கையை விட்டு எடுத்தேன். இங்க யாரும் இல்ல சார்."

"எங்க போயிட்டாங்க?"

"டாக்டரம்மா, நர்ஸம்மா, எல்லாருமே காய்ச்சல்ல படுத்துட்டாங்க. நீங்க ஷீல்டு குடுக்கறதுக்கு முன்னாடியே. ஜனங்க வந்து கதவைத் தட்டித் தட்டிப் பாத்துட்டு இருமிக்கிட்டே திரும்பிப் போறாங்க."

"இதை ஏன்யா அன்னைக்கே சொல்லல?"

"சிரிங்கன்னு சொன்னாங்க சார். சிரிச்சேன்."

அண்ணன் உடனே அக்காவுக்குப் போன் போட்டான். ஓடுகிற வண்டியில் போன் எடுக்கிற பழக்கம் அக்காவுக்குச் சாகும்வரை வராது. எனக்குப் போட்டான். நான் மைக்கில் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை. படத்தையும் கட்டத்தையும் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பி ஓடிவந்தான்.

மண்டபம் பாதி நிரம்பியிருந்தது. மூச்சிரைக்க உள்ளே நுழைந்தவன் என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினான்.

"எல்லாரும் வெளியே போங்க! இங்க பச்சை இல்ல! எனக்கு நம்பரே வரல, நானாத்தான் பூஜ்யம் போட்டேன்!"

ஒரு பழைய டிரைவர் கைப்பேசியை நீட்டினார். "கலர்க்காரரே, இங்க பாருங்க. பச்சைதான் காட்டுது."

"அதைப் போட்டதே நான்தான்யா!"

"அப்போ சரியாத்தானே இருக்கும்? நீங்க தப்பா போடுவீங்களா?" என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பாவம், வேலைப்பளு, மூளை குழம்பிவிட்டது என்று ஒருவர் இரக்கப்பட்டார். அவனுக்குச் சோடா கொடுக்கச் சொன்னார் இன்னொருவர். அவர்களெல்லாம் நம்பியது அவனைத்தான். அவன் போட்ட படத்தை நம்பியதால் அவன் பேச்சை நம்ப மறுத்தார்கள்.

அப்போதுதான் வாசலில் அக்கா வந்து நின்றாள். இஸ்திரி போட்ட பழைய காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், முகம் முழுக்கச் சிரிப்பு. எத்தனை மாதம் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன்! அண்ணன் ஓடிப்போய் வாசலில் கையை விரித்து மறித்தான்.

"உள்ள வராதக்கா."

"பச்சைன்னு சொன்னியேடா."

"சொன்னேன்."

"இங்க எத்தனை பேருக்குக் காய்ச்சல்?"

"தெரியாதுக்கா." அவன் விரித்த கையை இறக்கவில்லை. "தெரியாமத்தான் பூஜ்யம்னு போட்டேன்."

அக்கா அவனைப் பார்த்தாள். அவன் தோளுக்கு மேல் உள்ளே அவளுடைய ஆட்களைப் பார்த்தாள். சிரிப்பு அணைந்துவிட்டது. நான் அண்ணனை அறைந்திருப்பேன், அவன் முகம் அப்போது அப்படி இல்லாமல் இருந்திருந்தால்.

அக்கா அங்கேயே, வாசலுக்கு வெளியே நின்று, விசிலை எடுத்து ஊதினாள். இரண்டு விசில் என்றால் வண்டி கிளம்பலாம். ஒரே விசிலை நீளமாக ஊதினால் நிற்க வேண்டும். ஒன்றுதான் ஊதினாள், நீளமாக.

மண்டபம் கப்சிப். நாற்காலி இழுத்துக்கொண்டிருந்தவர் இழுத்தபடியே நின்றார். உட்கார்ந்திருந்த டிரைவர்கள் அத்தனை பேரின் வலது காலும் தரையை அழுத்தியதை என் கண்ணால் பார்த்தேன்.

"வண்டி பிரேக்டவுன்!" என்று கத்தினாள் அக்கா. "எல்லாரும் இறங்குங்க!"

ஏன், என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. புலம்பிக்கொண்டே வரிசையாக இறங்கிப் போனார்கள். கடைசி ஆள் வெளியே வந்ததும் அக்கா விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அவர்கள் தப்பித்தார்கள். காலையிலிருந்து காவலாளியோடு தூசி தட்டிய நான் படுத்துவிட்டேன்.

அதற்குள் நகரத்தில் இன்னொரு அதிசயம் நடந்திருந்தது. பூட்டிக் கிடந்த நிலையத்துக்கு ஷீல்டு கிடைத்ததன் சூட்சுமம் மற்ற நிலையங்களுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொன்றாகப் போன் எடுப்பதை நிறுத்தின. அண்ணன் அதிகாரியிடம் போய், "சார், வராததுக்குன்னு ஒரு தனிக் கலர் குடுங்க" என்று கேட்டான். "தெரியாதுங்கறதுக்கெல்லாம் கலர் குடுத்தா ஜனங்க பயந்துருவாங்கய்யா" என்று அதிகாரி, பூஜ்யமே போடச் சொல்லி விரட்டிவிட்டார். நகரம் முழுக்கப் பச்சையாகிக்கொண்டே வந்தது. நான் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு அதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை படம் வந்தது. ஊரே பச்சை. எங்கள் பகுதி மட்டும் மஞ்சள்.

கொஞ்ச நேரத்தில் என் வீட்டு வாசலில் கூட்டம். "இந்தாளு ஒருத்தராலதான் நம்ம ஏரியா பேரே கெட்டுப் போச்சு" என்று தியேட்டர் முதலாளி கத்தினார். சலூன்காரர் என் ஜன்னலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அதிகாரப்பூர்வமாக, இந்த நகரத்தில் தொற்று வந்த ஒரே ஆள் நான்தான்.

அக்கா போன் போட்டாள். "ஊருக்கே நீ ஒருத்தன்தானாமே? மூச்சு எப்படிடா இருக்கு?"

"பரவாயில்லக்கா. நீ?"

"நான் வீட்லதான். கலர் பாக்கறதை விட்டுட்டேன்" என்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் வந்து ஜன்னலுக்கு வெளியே தள்ளி நின்றான். மஞ்சள் வந்ததற்கு அதிகாரி கண்டபடி திட்டி, விளக்கம் எழுதச் சொல்லிவிட்டாராம். இனி சலூனிலும் அவன் வரிசையில்தான் உட்கார வேண்டும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ஏண்ணே, ஊர் முழுக்கப் பூஜ்யம் போடத் தெரிஞ்ச உனக்கு, எனக்கு மட்டும் ஒரு பூஜ்யம் போட மனசு வரலியா?"

அவன் சட்டை நுனியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"நம்ம ஏரியா நர்ஸும் போன் எடுக்கலடா. விரல் பூஜ்யத்து மேலதான் இருந்தது" என்றான். "அப்புறம், நான் கண்ணால பாத்து நிச்சயமாத் தெரிஞ்சது நீ ஒருத்தன்தானேன்னு தோணுச்சு. தெரிஞ்சதைப் போட்டேன்."