இரண்டு பக்கமும் ஈயம்

போன மாதம் நான் விட்ட பிழையை, சரிபார்க்காமலே, நண்பர் அருளப்புவின் தலையில் போட்டுவிட்டேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்புக்கு ஒரு சர்க்கிட் போர்ட் தேவைப்பட்டது — தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் மோட்டரை நிறுத்துவதற்கு. கடையில் வாங்கியிருக்கலாமே என்கிறீர்களா? ஓய்வு பெற்ற இரண்டு எஞ்சினியர்களிடம் கேட்கிற கேள்வியா அது! கொட்டாஞ்சேனையிலிருந்து அருளப்பு வந்தார். அவர் துளையிட்டார். நான் ஈயம் வைத்து ஒட்டினேன். இரண்டு பக்கமும் செப்புக் கோடுகள் ஓடும் போர்ட்.

சோதித்தபோது வேலை செய்தது. பிறகு ஒருநாள் காலை... தாங்கி வழிந்து, படிக்கட்டில் தண்ணீர் இறங்கியது.

லிஃப்டடியில் கூடிய அயலவர்களிடம் சொன்னேன்: “அருளப்பு போட்ட துளை பிழை.” நான் கூப்பிட்டு வந்திருந்த அவர் பக்கத்தில்தான் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன்பிறகு வரவில்லை.

போர்டைக் கழற்றினேன். கடைப் போர்டில் இரண்டு பக்கத்தையும் இணைக்கத் துளைக்குள்ளேயே செப்புப் பூச்சு இருக்கும். வீட்டில் செய்வதில் இராது. துளைக்குள் கம்பியைச் செருகி, மேலும் கீழும் ஈயம் வைக்க வேண்டும். ஒரு துளை, சிப் செருகும் சொக்கெட்டுக்கு அடியில். நானோ அவசரத்தில் சொக்கெட்டை முதலில் பொருத்தி மேல்பக்கத்தை மறைத்துவிட்டு, கம்பிக்குக் கீழே மட்டும் ஈயம் வைத்திருக்கிறேன். மேலே கம்பி செப்பைச் சும்மா தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. தொட்டவரைக்கும் வேலை!

கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

“பிழை என்ரைதான், ஐசே. மன்னிச்சுக்கொள்ளும்.”

“எனக்கு அண்டைக்கே தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“நீர் சொல்லுவீர் எண்டு பாத்தன். சரி, எனக்குச் சொல்லிப்போட்டீர். லிஃப்டடியிலை நிண்ட சனத்துக்கு? இதுக்கும் ஒரு பக்கம்தான் ஈயமோ?”

அதே லிஃப்டடியில் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். மூன்றாம் மாடிப் பெண் கேட்டாள்: “அருளப்பு ஆர், அங்கிள்?” இன்னொருவர்: “அதை விடுங்கோ. மோட்டர் எப்ப சரிவரும்?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாருக்குமே நினைவில்லாத பழியை யாரிடம் போய்த் திருத்துவது? நினைவில்லையென்றால் நடக்கவில்லையா? அருளப்பு அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது எனக்கு நினைவிருக்கிறதே!

ஃபோனில் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார் போலிருந்தது... இருமலாகவும் இருக்கலாம். ஆனால் மறுநாள் வந்தார், கம்பிச் சுருளோடு. போர்டைத் திரும்பச் செய்தோம். மோட்டர் ஒழுங்காக நிற்கிறது.

ஒன்றுதான் புதிது. இப்போது எந்தப் போர்டைச் செய்தாலும், நான் ஒட்டும் ஒவ்வொரு துளையையும் அவர் மீற்றர் வைத்துப் பார்க்கிறார் — மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை. இணைப்புச் சரியென்று ‘பீப்’ கேட்டால்தான் அடுத்தது.

மன்னித்துவிட்டாரா? அதற்கு இன்னும் ‘பீப்’ கேட்கவில்லை.