வசுமதியின் மீன்தொட்டிச் சாவி

வசுமதி இறந்துவிட்டாள் என்று அவள் தம்பி தொலைபேசியில் சொன்னபோது நான் நம்பவில்லை. "போனை அவகிட்ட குடு. எங்கிட்ட விளையாட வேணாம்னு சொல்லு" என்றேன். பிறகு அந்தப் பையன், பையன் என்ன, தலை நரைத்த மனிதன், "சுதா அக்கா, மூளையில ரத்தம் கசிஞ்சிடுச்சுக்கா" என்று சொல்லி அழுதான். அப்போதும் என் மனதின் ஒரு மூலை, இவன் நன்றாக நடிக்கிறான் என்றுதான் நினைத்தது. வசுமதியோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், தமிழ்நாட்டு எல்லை தாண்டி ஹெப்பகோடிப் பக்கம் ஒரு கல்லூரி மகளிர் விடுதியில் நாங்கள் அறைத்தோழிகள். சேர்ந்த முதல் வாரமே, தனக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டதாகவும் யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். நானும் வாயைத் திறக்கவில்லை. சில நாள் கழித்துத் தலை பின்னிக்கொண்டே, "நிச்சயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. யார்கிட்டயாவது உளறுறியான்னு பார்த்தேன். பாஸ் ஆயிட்ட" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பாஸ் ஆனதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது.

அவள் ஆசை எல்லாம் கடல்மேல். ஊர் திருப்பத்தூர், கடலைப் பார்த்ததே பள்ளிச் சுற்றுலாவில்தான். ஷூ டப்பா அளவில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி, இரும்பு அலமாரியின் நடுத்தட்டில் வைத்து, முன்னால் ஒரு துப்பட்டாவைத் திரையாகத் தொங்கவிட்டாள். உள்ளே உப்புத் தண்ணீர், மணல், காற்றுக்கு ஒரு சின்ன மோட்டார். மெஸ் உப்பை அவள் நம்பவில்லை. கடல்மீனுக்கென்றே விற்கும் உப்பைத்தான் கலக்குவாள். குழாய்த் தண்ணீரையும் நம்பவில்லை. வாளியில் பிடித்து, மருந்து வாடை போக ஆறவிடுவாள். தொட்டியில் தண்ணீர் வற்றினால் வெறும் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்பது அவள் சட்டம். "தண்ணிதான்டி ஓடிப்போகும். உப்பு அங்கயேதான் உட்கார்ந்திருக்கும்" என்பாள்.

கடல்கல் வாங்க சிவாஜிநகருக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். உயிருள்ள கல் அது. மேலெல்லாம் பாசியும், பொத்தான் பொத்தானாகப் பூத்திருக்கும் சின்னச் சின்ன உயிர்களும். ஓட்டை நிறைந்த ஒரு கல்லை அவள் தொட்டதும் கடைக்காரர், "அது வாணாம்மா, இத எடுத்துக்கோ. அச்சா கல்லு" என்று வேறொன்றைக் காட்டினார். அவ்வளவுதான். வசுமதி என் கையைக் கிள்ளினாள். "ஒரு கடைக்காரன் ஒண்ண வேணாம்னு சொன்னா, அதுலதான் விஷயம் இருக்குன்னு அர்த்தம்." ஓட்டைக் கல்தான் பேருந்தில் எங்கள் மடியில் வந்தது. கூடவே தொட்டியில் விட சில நத்தைகள், இறால்கள், ஒரு குட்டி மீன்.

அடுத்த மாதத்தில் தொட்டியில் நத்தைகள் குறைந்தன. பிறகு ஒரு இறாலைக் காணவில்லை. நான் கொசு மருந்து அடித்தேனா, பவுடர் போட்ட கையை உள்ளே விட்டேனா என்று விசாரணை. மூடிக்குச் சூட்கேஸ் பூட்டு ஒன்று வந்தது. அது போதாதென்று, மூடிக்கும் கண்ணாடிக்கும் குறுக்கே தன் தலைமுடி ஒன்றை ஒட்டிவைத்திருந்ததை ஒருநாள் நானே பார்த்தேன். யாராவது திறந்தால் முடி அறுந்துவிடுமாம். அந்த 'யாராவது' நான்தான். அவள் பெயரெல்லாம் வைத்துக் கூப்பிட்ட அந்த ஆரஞ்சு நிறக் குட்டி மீனும் ஒரு காலையில் மறைந்தது. முடி மட்டும் அறுபடாமல் இருந்தது. அதற்கும் பதில் வைத்திருந்தாள்.

"இது என் முடியே இல்ல. என்னுது சுருட்டை. இது நேரா இருக்கு."

"ஈரத்துல எல்லா முடியும் நேராத்தான்டி இருக்கும்!" என்று கத்தினேன். அதோடு பேச்சு நின்றது. நானும் சும்மா இருக்கவில்லை. என்னை அறையை விட்டுத் துரத்த இவளே மீனை எடுத்து ஒளிக்கிறாளோ என்று சந்தேகப்பட ஆரம்பித்தேன். அறை மாற்றம் கேட்க முடிவும் செய்துவிட்டேன்.

தேர்வு விடுமுறையில் ஒரு மதியம், ஆளுக்கொரு கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தோம். 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடியும் 'டிக்'. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி, "நீயா?" என்றோம். நான்கு கைகளும் போர்வைமேல் இருந்தன. துப்பட்டாவை விலக்கிப் பார்த்தால், கல்லின் ஓட்டையிலிருந்து பாதி இறால், பாதி வெட்டுக்கிளி மாதிரி ஒரு ஜந்து கண்ணை உருட்டிக்கொண்டு, கடைசி நத்தையின் கூட்டை முன்காலால் குத்தி உடைத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் வேண்டாம் என்ற கல். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு, "வெளியாள் யாரும் வரல. நாந்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றாள். அதைக் கொல்லவும் மனமில்லை அவளுக்கு. ஊறுகாய் ஜாடியில் உப்புத் தண்ணீர் ஊற்றித் தனிக்குடித்தனம் வைத்தாள்.

மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வராது, வரவும் இல்லை. மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது பூட்டின் சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "வெறும் தண்ணி ஊத்து. உப்பு போட்டுடாத" என்றாள். அவ்வளவுதான்.

திருப்பத்தூரில் அவளைக் கிடத்தியிருந்த கூடத்தில் உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். "தலைவலின்னு ஒரு வார்த்தை சொல்லல பாரு. கடைசி வரைக்கும் ஒருத்தரையும் நம்பல." அவள் திருப்பிக் கேட்காத, நானும் கொடுக்காத அந்தச் சாவி என் கைப்பையில் இருந்தது. பூட்டும் தொட்டியும் எப்போதோ போய்விட்டன. இதை வாசிக்கும் உங்களில் பலரும் அவளை யாரையும் நம்பாதவள் என்றுதான் நினைத்திருப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். சாவியைக் கொடுத்த அன்று அவள் பேருந்து ஏறியதும் அறைக்கு ஓடிவந்து நான் முதலில் செய்த காரியம், தொட்டி மூடியின் நான்கு பக்கமும் விரலால் தடவிப் பார்த்ததுதான். முடி இல்லை.