அபு தௌஃபீக்கின் விசில்

எங்கள் ஊர் ஸஹ்லேயில் யாரும் எதற்கும் நிற்க மாட்டார்கள். சிவப்பு விளக்குக்கும் நிற்க மாட்டார்கள். மின்சாரம் இல்லாததால் அந்த விளக்கு எரிவதே இல்லை என்பது வேறு விஷயம். இப்படிப்பட்ட ஊரில், நகராட்சிப் போலீஸ்காரராக பிரேசில் தெரு முனையில் முப்பது வருஷம் விசில் ஊதியவர் நசீஃப். அரபு வழக்கப்படி மூத்த மகன் பெயரைச் சேர்த்து அபு தௌஃபீக், அதாவது தௌஃபீக்கின் அப்பா, என்றுதான் கூப்பிடுவோம். தொப்பை, நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. அவர் ஊதினால் கார்க்காரன் இன்னும் வேகமாகப் போவான் என்று கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். அது கேலி இல்லை, உண்மைதான்.

எங்களில் பாதிப் பேருக்கு பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஒரு சித்தப்பாவாவது உண்டு. அங்கே போனவர்கள் எங்கள் தெருவுக்குப் பெயரைக் கொடுத்தார்கள். அங்கே பிறந்து, இங்கே கல்யாணமாகி வந்த ரொசானா மேளத்தைக் கொண்டுவந்தாள். எலக்ட்ரீஷியன் ஃபாதி, மருந்துக்கடைக்காரர், இரண்டு நர்சுகள், தையல்காரி வதாத் ஆகிய நான் என்று கிடைத்தவர்களையெல்லாம் பிடித்துச் சேர்த்தாள். வியாழக்கிழமைதோறும் மாதா கோயில் கூடத்தில் சம்பா என்னும் பிரேசில் தாளத்தை அடித்துப் பழகினோம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஒன்றை மட்டும் அவள் எங்கள் மண்டையில் ஏற்றிவிட்டாள்: அவள் விசிலில் நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு ஊதினால், கை எங்கே இருந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும்.

முதன்முதலாகத் தெருவில் அடித்துக்கொண்டு வந்த அன்று, முனையில் அபு தௌஃபீக் ஒரு ரொட்டி வேனைப் பார்த்து ஊதினார். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. வேன் நிற்கவில்லை. நாங்கள் நின்றோம். அத்தனை பேரும், சட்டென்று.

மனிதர் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி எங்களிடம் வந்தார்.

"ஏம்மா நின்னுட்டீங்க?"

"நீங்கதானே ஊதினீங்க, மாமா?" என்றாள் ரொசானா.

"ஊதினேன். அதுக்காக நின்னுடறதா?"

அடுத்த வியாழன் கூடத்து வாசலில் யூனிஃபார்மோடு நின்றார். அதற்கடுத்த வியாழன் உள்ளே வந்துவிட்டார். எங்களிடம் இருந்த எல்லாக் கருவியையும் அவர் கையில் கொடுத்துப் பார்த்தோம். கிலுகிலுப்பையைக் கொடுத்தால் இருமல் மருந்து போலக் குலுக்கினார். இன்னொரு பெரிய மேளத்தைக் கொடுத்தபோது என் பெரிய மேளமும் சேர்ந்து தடுமாறியது.

"அபு தௌஃபீக், கோச்சுக்காதீங்க," என்றேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "கோயில் மணிக்குக்கூட நீங்க தப்பாத்தான் கை தட்டுவீங்க."

ரொசானாவுக்கு என்னைவிட நல்ல மனசு. "மாமா, நீங்க எங்களுக்கு முன்னாடி நடங்க. ரோட்டை நீங்க பாத்துக்கங்க. ஆனா விசில் பையிலேயே இருக்கணும். ஊதினா நாங்க நின்னுடுவோம்."

மீசையைத் தொட்டுச் சத்தியம் செய்தார். அதிலிருந்து ஒவ்வொரு ஊர்வலத்திலும் வெறும் கையை ஆட்டி ஆட்டி வழி விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வாசிப்பவர்களுக்கெல்லாம் நான் மஞ்சள் சட்டை தைத்தேன். "என் அளவுக்குத் துணி ரொம்ப ஆகும், இல்லையா வதாத்?" என்று ஒருநாள் பட்டும் படாமலும் கேட்டார். உங்களுக்குத்தான் யூனிஃபார்ம் இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன். துணி விஷயத்தில் நான் கொஞ்சம் கஞ்சம்.

போன வருஷம் ரொசானாவின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, அவள் சாவ் பாவ்லோவுக்கே திரும்பினாள். போகும்போது தன் விசிலை ஃபாதியின் கழுத்தில் மாட்டினாள். வருஷக் கடைசியில் அபு தௌஃபீக்குக்கு ஓய்வு. யூனிஃபார்மையும் விசிலையும் நகராட்சியில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"பர்பாரா ஊர்வலம்தான் எனக்குக் கடைசி," என்றார் என் கடையில் காபி குடித்துக்கொண்டே. "யூனிஃபார்ம் இல்லாம முன்னாடி நடந்தா, நான் யாரு? வழியில நிக்கிற ஒரு கிழவன். வாசிக்கத் தெரிஞ்சிருந்தா பரவாயில்ல."

அவர் சொன்னது சரி. அது எனக்கு வலித்தது.

புனித பர்பாரா திருநாளுக்கு முந்தின மாலை. முகமூடி போட்ட பிள்ளைகள் எங்களுக்கு முன்னால் ஆடிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வீடு அவித்த கோதுமையில் சர்க்கரையும் மாதுளையும் போட்டு நீட்டினார்கள். தெரு ஆற்றை நோக்கிச் சரிவாக இறங்கும். இறக்கம் வந்தால் எங்கள் கை தானாக வேகம் பிடிக்கும், அது எங்கள் வியாதி. ரொசானா இருந்தால் இழுத்துப் பிடிப்பாள். ஃபாதிக்கோ வேகம் என்றால் உயிர். எங்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டே இன்னும், இன்னும் என்று கையை வீசினான். மேளம் ஓட, பிள்ளைகளும் ஓடினார்கள்.

கீழே ஒரு சந்திலிருந்து மண்ணெண்ணெய் லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஃபாதியின் முதுகு அந்தப் பக்கம். எங்கள் சத்தத்தில் டிரைவருக்கு எதுவும் கேட்காது. அபு தௌஃபீக் இரண்டு கையையும் விரித்துக் கத்தினார். பிள்ளைகள் அவரைத் தாண்டி ஓடினார்கள்.

பையிலிருந்து விசிலை எடுத்தார். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

நாங்கள் நின்றோம். மேளம் நின்றதும் பிள்ளைகளும் என்ன ஆயிற்று என்று நின்று திரும்பினார்கள். அந்த அமைதியில் யாரோ ஒரு தாய் அலறியது டிரைவருக்குக் கேட்டது. லாரி பிரேக் போட்டது.

திரும்பிப் பார்த்த ஃபாதியின் முகத்தில் ரத்தமே இல்லை. மறுபடி தொடங்க அவனுக்குக் கை எழவில்லை. அபு தௌஃபீக் லாரியை அதன் வழியில் அனுப்பினார். பிறகு எங்களைப் பார்த்து, வயதான பெண்களைச் சாலை தாண்ட வைப்பாரே, அதே மாதிரி கையை அசைத்தார். வா, மெதுவாக வா. அந்தக் கைக்கு நான் பெரிய மேளத்தில் முதல் அடியை வைத்தேன். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆற்றங்கரை வரைக்கும் அந்தக் கைதான் எங்களைக் கூட்டிப்போனது. அவ்வளவு நிதானமாக நாங்கள் அதற்கு முன் வாசித்ததே இல்லை.

ஜனவரியில் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். வியாழக்கிழமை வரவில்லை. யாரும் மேளத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தபோது ஃபாதி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். திரும்பி வந்தபோது அவன் பின்னால் பழுப்பு ஸ்வெட்டரில் அபு தௌஃபீக். வாசலைத் தாண்டவில்லை.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஃபாதி தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவருக்கு மாட்டினான். "எனக்கு ஓட்டத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது. நீங்க நிறுத்துங்க. நீங்க கை காட்டினா அடிக்கிறோம்."

"எனக்குத் தாளமே வராதேப்பா."

"அது எங்க வேலை," என்று நான் புதிதாகத் தைத்திருந்த மஞ்சள் சட்டையை அவர் மேல் எறிந்தேன். இரண்டு பக்கமும் துணி தாராளமாக விட்டிருந்தேன்.

அடிக்கத் தொடங்கினோம். கூடம் அதிர்ந்தது. அவர் ஊதினார். நின்றோம். அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டியிருந்தது. எனக்கோ தூக்கிய கோலோடு தோள் கடுக்க ஆரம்பித்தது.

"கையைக் காட்டுங்க அபு தௌஃபீக். எவ்வளவு நேரம்தான் நிக்கிறது?"

"இரு வதாத்," என்றார். "முப்பது வருஷம் ஊதியிருக்கேன். நீங்க நிக்கிறத இன்னும் கொஞ்சம் பாத்துக்கிறேன்."