அக்கா ஓட்டிவிட்ட ஆறு நிமிடம்

அமீரகத்தில், எங்கள் அல் ஐன் ஃப்ளாட்டில் ஒரு சட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை யார் சமைக்கிறாரோ, அன்று ரிமோட் அவருக்கு. அந்த ஞாயிறு, என்னோடு தங்கியிருக்கும் யாழ்ப்பாணத்து அக்காவின் முறை. இரண்டு வாரம் பாத்ரூம் கழுவுகிறேன் என்று பேரம் பேசி அதை வாங்கினேன்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் டிசம்பர் முதல் சனிக்கிழமைதான் வட்டார லீக்குகளின் இறுதிப் போட்டிகள். நமக்கு அது சனி ராத்திரி தொடங்கி ஞாயிறு காலைவரை நீளும். பத்து மணிக்கு மேல் ஹாலில் டிவி கூடாது என்பது இன்னொரு சட்டம். அதனால் மூன்று ஆட்டங்களைப் பதிவுக்குப் போட்டுவிட்டுத் தூங்கினேன். ஸ்கோர் காதில் விழக்கூடாது என்று போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன்.

மூன்றாவது ஆட்டம் நான் எம்.எஸ். படித்த கல்லூரியுடையது. படித்த இரண்டு வருடமும் பனியில் நின்று கத்தியிருக்கிறேன். இரண்டு வருடமும் தோல்விதான். அப்புறம் வேலை கிடைக்கவில்லை, விசா முடிந்தது, இங்கே வந்தேன். நான் வந்த மறுவருடமே இறுதிப் போட்டிக்கு வருகிறார்கள். என்ன துரோகம் பாருங்கள். நேரில்தான் இல்லை, முடிவு தெரியாமலாவது பார்க்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

காலை ஆறரைக்கு உட்கார்ந்தேன். அக்கா தேநீரோடு பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"புட்போல் எண்டாய். கையாலயெல்லோ கொண்டு ஓடுறாங்கள்."

"இது வேற ஃபுட்பால்க்கா."

"ஒரு நிமிசம் இடிபடுறாங்கள், பிறகு பத்து நிமிசம் நிண்டு கதைக்கிறாங்கள். எங்கட ஒபிஸ் மாதிரி."

விளக்கினேன். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும்; முன்னேறினால் இன்னும் நான்கு கிடைக்கும். மூன்றிலும் முடியவில்லை என்றால், நான்காவதில் துணிந்து ஓடலாம், அல்லது பந்தைத் தூர உதைத்து எதிரியிடம் கொடுத்துவிடலாம். எங்கள் கோச் ஒரே ஒரு கஜம் பாக்கி இருந்தாலும் உதைக்கிற ஜாதி. அந்த மனிதரை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ஆட்டம் மதியம் ஒரு மணிக்கு வந்தது. இரண்டு மணிநேரம் நான் மூச்சு விட்டேனா தெரியாது. ஆறு நிமிடம் பாக்கி, எங்களுக்கு நான்கு புள்ளி முன்னிலை. அப்போது பார்த்துக் குக்கர் கத்தியது. ரிமோட் வேண்டுமானால் சமைக்க வேண்டும். சமைக்க வேண்டுமானால் ரிமோட்டை விட்டு எழ வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதிய மூளையை என்ன சொல்வது? ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு ஓடினேன். குக்கரை இறக்கி, ரசத்துக்குத் தாளித்துக் கொட்டித் திரும்பினேன்.

திரையில் பச்சைக் காகித மழை. வென்ற அணியின் நிறத்தில்தான் கொட்டுவார்கள்; பச்சை எதிரணியின் நிறம். எங்கள் நீலச் சட்டைப் பையன்கள் தரையில் குந்தியிருந்தார்கள்.

ரிமோட்டைப் பிடுங்கிப் பின்னுக்கு ஓட்டினேன்.

"என்னக்கா பண்ணீங்க?"

"உனக்கெண்டுதான் பிள்ளை. நிண்டு கதைக்கிற இடமெல்லாம் ஓட்டிவிட்டனான்."

எங்கள் வீட்டு வழக்கம் அது. சமைக்கிறவள் அடுக்களைக்குள் போனால், மற்றவள் சீரியலில் விளம்பரத்தையும் சும்மா முறைத்துக்கொண்டிருக்கும் காட்சிகளையும் ஓட்டி, கதை நகரும் இடத்தில் நிறுத்தி வைப்பாள். அக்கா எனக்கே எத்தனையோ முறை செய்திருக்கிறார். செய்தபோதெல்லாம் தேங்க்ஸ் சொல்லியிருக்கிறேன். அதனால் திட்டவும் வாய் வரவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

"இது சீரியல் இல்லக்கா."

"கோவிக்காத. ஆர் வெண்டது? அந்தப் பேப்பர் கொட்டினது உங்கட ஆக்களுக்கோ?"

நிறம்கூடக் கவனிக்கவில்லை. என் இரண்டு வருடத்தைக் கலைத்துவிட்டு, என்ன கலைத்தோம் என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

"தெரியாது" என்றேன்.

விட்ட இடத்திலிருந்து போட்டேன். அக்கா நகரவில்லை. சோறு ஆறியது. நீலம் ஒவ்வொரு கஜமாக முன்னேற, அவர் சோபா விளிம்புக்கு வந்துவிட்டார். "வெல்லுவாங்கள் பார்" என்று என் முழங்காலைத் தட்டினார். என்னிடமிருந்து பறித்ததை என் கண் முன்னாலேயே அனுபவித்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டு நிமிடம் பாக்கி. நான்காவது முயற்சி. ஒரே ஒரு கஜம்.

"ஓடுவாங்கள்தானே?" என்றார்.

கோச் உதைக்கச் சொன்னார். பந்து எதிரணிக்குப் போனது. ஏழே முயற்சியில் அவர்கள் எங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி எடுத்தார்கள். பச்சை மழை மறுபடியும் கொட்டியது.

அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"விசரன். ஒரு அடிதானே கிடந்தது? ஏன் உதைச்சவன்?"

"அதைத்தான்க்கா நானும் மூணு வருஷமா கேக்கறேன்."

"எங்க, பின்னுக்கு விடு. அந்த இடத்தை இன்னொருக்காப் பாப்பம்."

விட்டேன். ஆறிய சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு, அந்த உதையை நான்கு முறை பார்த்தோம். அந்த மனிதரை இரண்டு ஊர்த் தமிழிலும் திட்டினோம். அக்கா மேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. பாத்ரூமை மட்டும் ஒரு வாரம்தான் கழுவுவேன் என்று சொல்லிவிட்டேன்.